மெல்லப் போவதற்கும் கைமுதல் வேண்டும்

"ஆறுதலா எழுதுங்கோ, என்ன அவசரம்?" என்று எனக்குச் சொல்லாதவர்கள் குறைவு. பிள்ளை பிறந்த பிறகும் எழுத நினைக்கிற பெண்களுக்கென்றே ஊர் எடுத்து வைத்திருக்கிற வசனம் அது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அதே ஆட்கள் கொஞ்சக் காலம் கழித்துச் சந்தையில் கண்டால், "இப்ப ஒண்டும் எழுதுறேல்லையோ?" என்று கேட்பார்கள். பிள்ளை நித்திரை, அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

ஆறுதலாகப் போவது நல்லது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. வாழ்க்கை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற நேரத்தில் பழைய வேகத்தில் ஓட முடியாது, ஓடவும் கூடாது. நான் கேட்பது, அந்த ஆறுதலுக்கு யார் செலவழிக்கிறார்கள் என்றுதான்.

எங்கள் திருகோணமலைப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்று சொல்லி, முப்பத்தொன்றாம் நாள் கழியும் வரை அடுப்படிப் பக்கம் விடமாட்டார்கள். இலைகள் போட்டு அவித்த வேது தண்ணீரில் குளிப்பு, மல்லி, மிளகு, சீரகம், உள்ளி அரைத்த சரக்குக் கறி, பால் சுரக்கப் பால்சுறா, முருங்கையிலை. இதில் பாதி எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. முக்கியமாக, வாசிக்கக் கூடாது, கண் கெட்டுப்போகும் என்று அம்மம்மா என் புத்தகங்களை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய விதம். போனையும் பூட்டியிருப்பா, அதற்குள்ளும் வாசிக்கலாம் என்று அவவுக்குத் தெரியாததால் தப்பினேன்.

ஆனாலும் அந்த வழக்கத்தில் ஒரு விஷயம் சரியாக இருந்தது. ஓய்வெடு என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விடவில்லை. சரக்கு அரைக்க ஒருவர், பிள்ளை குளிப்பாட்ட ஒருவர், தண்ணீர் கொதிக்க வைக்க ஒருவர் என்று ஆள் நிறுத்தினார்கள். ஒருத்தி படுத்திருக்க நாலு பெண்கள் நிமிர நேரமில்லாமல் நின்றார்கள். இப்போது வருகிற அறிவுரைகளில் அந்த நாலு பேரையும் காணவில்லை. "உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள்" என்கிறார்கள். எதிலிருந்து ஒதுக்குவது? பிள்ளையின் நித்திரையிலிருந்தா, என் நித்திரையிலிருந்தா?

இலங்கைச் சட்டம் கொஞ்சம் தருகிறது, சும்மா சொல்லக்கூடாது. அரச வேலையில் இருக்கிற தாய்க்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்தோடு லீவு. வேண்டுமென்றால் அடுத்த 84 நாட்கள் அரைச் சம்பளத்தில். அதற்கும் பிறகு 84 நாட்கள் சம்பளமே இல்லாமல். கடை, அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு மூன்றாவது பிள்ளை என்றால் பாதி லீவுதான் என்றிருந்ததை 2018இல் மாற்றி, எத்தனையாவது பிள்ளைக்கும் 84 நாட்கள் ஆக்கினார்கள். அரச ஊழியரான தகப்பனுக்கு 3 நாட்கள். இந்த மூன்று நாட்களில் அந்த மனுசன் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடி முடிப்பதே பெரிய காரியம்.

அந்த அரைச் சம்பள லீவை நானும் எடுத்தேன். லோன் கட்ட இவருடைய சம்பளம் போனது. பம்பர்ஸுக்கும் மருந்துக்கும் அம்மாவின் பென்ஷன் போனது. என் ஆறுதலுக்குக் காசு கட்டியது யார் என்று கேட்டால், முப்பது வருசத்துக்கு மேல் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு பெண் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா இல்லாத வீட்டில், பென்ஷன் இல்லாத அம்மா இருக்கிற வீட்டில், நாட்கூலிக்குப் போகிற வீட்டில் இந்தக் கதையே எழும்பாது. அங்கே பிறக்கிற எழுத்தை நாங்கள் காணாமலே விடுகிறோம்.

திருகோணமலை ஆட்கள் இதற்கெல்லாம் கடலைச் சொல்லுவார்கள். வாடைக்காற்று தொடங்கினால் சின்னப் போட்டுகள் கரையேறிவிடும், வலை பொத்துகிற காலம், கடலே ஓய்வெடுக்கச் சொல்லுது, நீங்களும் அப்படி இருங்கோ என்று. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த வலைக்காரர் வீட்டுப் பெண்ணைப் போய்க் கேளுங்கள். கார்த்திகையில் அடகு வைத்த சங்கிலியின் ரசீதுத் துண்டை எடுத்துக் காட்டுவாள். போட்டும் வலையும் வைத்திருக்கிற முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணம் அடுத்த சீசனில் மீனாகக் கழியும். கரையில் இருக்கிற காலத்துக்கும் கணக்குக் கொப்பி உண்டு. எழுதுகிற பெண்ணின் வாடைக்காலத்துக்கு முற்பணம் தர மட்டும் ஒரு சம்மாட்டியும் இல்லை.

சரி, எழுத்துக்கு என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். முன்பு நான் ஒரே இருப்பில் பக்கம் பக்கமாக எழுதுகிற ஆள். இப்போது ஒரு கையால் ஏணை ஆட்டிக்கொண்டு மறு கையில் போனை வைத்து, அதில் குரலைப் பதிந்துவிடுகிறேன். பிறகு கேட்டால் பாதி வசனம், பாதி "ஓராட்டு" என்கிற தாலாட்டு. வசனங்கள் குட்டையாகிவிட்டன. விவரணை குறைந்து, ஆட்கள் கதைப்பது கூடிவிட்டது. அது கெட்டுப்போனதாக எனக்குப் படவில்லை. தம்பலகாமத்து வயல்வெளியை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்த என் பழைய நாவலின் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கமே போதும்.

அதற்காகத் தாய்மை என்னை நல்ல எழுத்தாளராக்கியது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அது இன்னொரு தேய்ந்த வசனம். சிலது போனது போனதுதான். அந்த நாவலில் ஒரு கிழவர் இருந்தார், கிண்ணியாப் பாலம் வருவதற்கு முந்திய காலத்துத் துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். அவர் எப்படிக் கதைப்பார் என்பது எனக்கு மறந்துவிட்டது. குறிப்புகள் இருக்கின்றன, குரல் இல்லை. திரும்ப வருவாரோ தெரியாது.

இன்னொன்று, ஒரு மாற்றம் முடியட்டும், பிறகு உட்காருவம் என்று காத்திருந்தால் முடியாது. பிள்ளை முன்பள்ளிக்குப் போகிற வயது வந்தபோது அம்மாவின் முழங்கால் போய்விட்டது. என்னைத் தாங்கியவவை இப்போது நான் தாங்குகிறேன். ஒன்று கழிய மற்றது வாசலில் நிற்கிறது. அதனால்தான் ஆறுதலாக எழுதுவதையும் எழுதாமல் விடுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் என்கிறேன். கிழமைக்கு ஒரு பந்தி வருகிறதா, அது எழுத்துத்தான்.

எங்கள் ஊருக்கு எழுதுகிற பெண்கள் புதிது அல்ல. ந. பாலேஸ்வரி ஆசிரியையாக இருந்தவர், நாவல் நாவலாக எழுதியவர். அவர் எந்த நேரத்தில் எழுதினார், அந்த நேரம் அடுப்படியில் யார் நின்றார்கள் என்று எந்த மேடையிலும் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. ஆண் எழுத்தாளர்களிடமும் கேட்பதில்லை. அவர்கள் வீட்டு அடுப்படியில் யார் நின்றார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

என் வீட்டில் இப்போதைய ஏற்பாடு இதுதான். சனிக்கிழமை காலையில் இவர் பிள்ளையைக் கோட்டைக்குள் மான் காட்டக் கூட்டிக்கொண்டு போவார். அப்படியே கோணேசர் கோயில் வரை ஏறி, கடலைப் பார்த்துவிட்டு, வெயில் ஏற வருவார்கள். அந்த நேரம் எனக்கு. அயலில் எல்லோரும் "நல்ல மனுசன்" என்கிறார்கள். நல்ல மனுசன்தான். மற்ற ஆறு நாளுக்கும் எனக்கு ஒரு பட்டமும் வரவில்லை என்பதை மட்டும் பதிந்து வைக்கிறேன்.

இலக்கியக் கூட்டம் வைக்கிற அண்ணாமாரிடம் சிலது சொல்ல இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு என்று போட்டு, ஐந்தரைக்குத் தொடங்கி, இருட்டின பிறகு நன்றியுரை சொல்கிறீர்கள். குழந்தை வைத்திருக்கிற எந்தப் பெண்ணும் அந்த நேரத்தில் வெளிக்கிடமாட்டாள். அது பிள்ளை சிணுங்குகிற நேரம், குளிக்க வார்த்துச் சோறு தீத்துகிற நேரம். பிறகு "பெண்கள் வருவதில்லை" என்று மேடையிலேயே கவலைப்படுகிறீர்கள். போட்டிகளுக்கு 35 வயதுக்கு உட்பட்டோர் என்று போடுகிறவர்களும் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு அந்த 35 எங்கே போனது? பிள்ளைக்கு இரண்டு வருசம் என்று கூட்டிக் கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை.

கூட்டத்தை ஒரு தடவையாவது காலை பத்து மணிக்கு வையுங்கள். மண்டபத்தின் ஒரு மூலையில் பாய் விரித்து, நாலு விளையாட்டுச் சாமானைப் போடுங்கள். பிள்ளைகளைப் பார்க்கிற பொறுப்பைச் செயற்குழுவில் இருக்கிற ஆண்கள் முறை வைத்து எடுக்கலாம். பிஸ்கட் நான் கொண்டு வருகிறேன்.