விண்டோஸ் 10 கணினி நின்றுவிடாது

"விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, பழைய கணினி இனி இயங்காது, உடனே புதிது வாங்குங்கள்" என்று திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு. 2025 அக்டோபர் 14 உடன் நின்றது வழக்கமான பாதுகாப்பு அப்டேட்தான், கணினி இயங்கும். ஆனால் அப்டேட் இல்லாத கணினியில் இணையவழி வங்கிக் கணக்குக்குள் நுழைவது உண்மையிலேயே ஆபத்து. வீட்டுப் பாவனையாளர்கள் மைக்ரோசாப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவுசெய்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் கிடைக்கும்.

விண்டோஸ் 11 கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தைக் கேட்கும். அது இல்லையா? சரி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் இலவசம். வெற்றுப் பென்டிரைவில் போட்டு, கணினியில் உள்ள எதையும் அழிக்காமல் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். நம்மவர்கள் பலர் கேட்பது பாமினி பற்றி: அந்தத் தமிழ் எழுத்துருவை மின்டிலும் நிறுவலாம், பழைய கடிதங்கள் லிப்ரேஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறக்கும். போட்டோஷாப்பில் தொழில் செய்பவர்களுக்கு மின்ட் சரிவராது.