ஆக்ஸாலிக் அமிலம்: 4.5 கிராமா, 6.3 கிராமா?

ஒரு லிட்டர் 0.1 நார்மல் (லிட்டருக்கு சமான எடையில் பத்தில் ஒரு பங்கு) ஆக்ஸாலிக் அமிலத் திட்டக் கரைசலுக்கு, அதாவது செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசலுக்கு, 4.5 கிராம் எடுத்தால் போதும் என்று ஒரு குறிப்பு இருக்கிறது, பலர் அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது நீரற்ற அமிலத்துக்கான கணக்கு, அதன் மூலக்கூறு எடை 90.03. ஆய்வகத்தில் வழக்கமாக வாங்கி வைப்பது இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிகம், 126.07. இரு காரத்துவ அமிலம் (ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தரும்) என்பதால் சமான எடை அதில் பாதி, 63.04. எனவே லிட்டருக்கு 6.304 கிராம், 250 மில்லி குடுவைக்கு 1.576 கிராம்.

முதலில் புட்டியின் லேபிளைப் பாருங்கள்: 'டைஹைட்ரேட்' என்றோ 126.07 என்றோ அச்சிட்டிருக்கும். (அந்தப் படிகத்தை உலர்த்தும் அடுப்பில் உலர்த்திவிட்டு எடை போடாதீர்கள், நீர் பறந்து கணக்கே மாறிவிடும்.)

லேபிள் கிழிந்திருந்தால் தரம்பார்த்தே (டைட்ரேஷன்) கண்டுபிடிக்கலாம். அந்த 4.5 கிராம் கரைசலில் 10 மில்லியைப் பிப்பெட்டால் கூம்புக் குடுவையில் எடுத்து, இரண்டு சொட்டு பினால்ப்தலீன் நிறங்காட்டி விட்டு, ஏற்கெனவே தரம்பார்த்த 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைப் பியூரெட்டிலிருந்து இறக்குங்கள். 10 மில்லியில் வெளிர் இளஞ்சிவப்பு நின்றால் அது நீரற்ற அமிலம். 7.1 மில்லியிலேயே நின்றுவிட்டால் உங்களிடம் இருப்பது படிகம்.