முக்கால் படத்தைப் பார்த்துட்டு மொக்கைன்னா எப்படி?

செட்டிநாட்டுல படைப்புக்கோ (முன்னோருக்குப் படையல்) சாந்திக் கல்யாணத்துக்கோ (அறுபதாம் கல்யாணம்) பங்காளிங்க கூடுற வீட்டுல, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் யாராவது 'ஏர் ஃபோர்ஸ் ஒன்' போடுவாங்க. 1997 படம். ஹாரிசன் ஃபோர்டு அமெரிக்க ஜனாதிபதி, கேரி ஓல்ட்மேன் அவரோட விமானத்தைக் கடத்துறவன். அரை மணி நேரத்துல பட்டாலையில (கூடத்துல) பாதிப் பேர் குறட்டை. மீதிப் பேர், "அப்ப நல்லாருந்துச்சு, இப்ப மொக்கையா இருக்கே"ம்பாங்க. அட, நீங்க பார்த்தது அந்தப் படமே இல்லையே!

படத்தோட அகலம், உயரத்தோட ஒப்பிட்டா 2.39-க்கு 1. டிவி 1.78-க்கு 1. மேலயும் கீழயும் கருப்புப் பட்டை விழத்தான் செய்யும். "ஸ்க்ரீன் ஃபுல்லா வரலையே"ன்னு ஒருத்தர் ரிமோட்டைப் பிடுங்கி ஜூம் அமுக்குவார். போச்சு, கால்வாசிப் படம் வெளியே. பழைய டப்பா டிவிக்குன்னு வெட்டின 4:3 காப்பின்னா 44 சதவீதம் காலி. குடும்பப் படம்னா தொலையட்டும்னு விடலாம். கடத்தல் படத்துல பயமே ஓரத்துலதான் இருக்கு. இந்த ஓரம் துப்பாக்கி, அந்த ஓரம் பிணைக்கைதி, நடுவுல சீட்டு. ரெண்டு ஓரத்தையும் வெட்டினா சீட்டைத்தான் பார்க்கணும். பாதுகாப்பு அதிகாரி கிப்ஸ்தான் துரோகின்னு நமக்கு ஆரம்பத்துலயே தெரியும், ஜனாதிபதிக்குத் தெரியாது. அவன் கைதிங்களோட கைதியா சாதுவா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு வயித்தைப் பிசையணும். அவன் முகமே திரைக்கு வெளியே போனா எதைப் பிசையும்?

அப்புறம் அந்த வழவழப்பு! நொடிக்கு 24 ஃப்ரேம்ல எடுத்த படத்துக்கு நடுவுல, டிவி தானா ஃப்ரேம் தயாரிச்சுச் செருகும். கோடிக்கணக்குல எடுத்த காட்சி மெகா சீரியல் மாதிரி வழுக்கிட்டு ஓடும். பிக்சர் செட்டிங்ல சாம்சங்னா ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜின்னா ட்ரூமோஷன், சோனின்னா மோஷன்ஃப்ளோ. ஆஃப் பண்ணுங்க. ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தா அது ஒண்ணே போதும். (கடைசியில விமானம் கடல்ல விழுற கிராஃபிக்ஸ் அன்னைக்கே பொம்மைதான். அதுக்கு எந்த செட்டிங்கும் கிடையாது.)

சத்தக் கொடுமைதான் உச்சம். வசனம் கிசுகிசு, துப்பாக்கி இடி. ஒரு கை எப்பவும் வால்யூம் பட்டன்லயே. காரணம் என்னன்னா, 5.1 ஒலியில (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு பாஸ் பெட்டி) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குன்னு கலந்தது. டிவியில இருக்கிறது ரெண்டே ரெண்டு, அதுவும் பல டிவியில கீழே பார்த்து ஊதும். அதுக்கு மேல நம்ம வீடு. கீழே ஆத்தங்குடிக் கல்லு, சுவத்துல முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச சுண்ணாம்பு, மேலே எட்டாத உயரத்துல கூரை. சோபா கிடையாது, திரைச்சீலை கிடையாது. ஒரு எழுத்தோட எதிரொலி அடங்குறதுக்குள்ள அடுத்த எழுத்து வந்து மோதும். இதுல எஞ்சின் உறுமலுக்கு அடியில ஜனாதிபதி ஃபோன்ல குசுகுசுன்னு பேசுறது யார் காதுல விழும்?

டிவி ஸ்பீக்கர்லயே கேக்குறீங்கன்னா படத்தோட ஒலியை 5.1-லேர்ந்து ஸ்டீரியோவுக்கு மாத்துங்க, நைட் மோடைப் போடுங்க. இடியும் கிசுகிசுவும் கொஞ்சம் சமமாகும். சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கிற நீள ஸ்பீக்கர்) வாங்குறவங்க 2.1-க்குக் காசைக் கொட்டாதீங்க. 3.1-லேர்ந்துதான் வசனத்துக்குத் தனி நடு ஸ்பீக்கர். தரையில ரெண்டு ஜமுக்காளத்தை விரிங்க. டிவியிலிருந்து எட்டு அடிக்குள்ள உட்காருங்க. இருபது அடி தள்ளித் தூணுல சாய்ஞ்சுக்கிட்டு "ஒண்ணுமே கேக்கலையே"ன்னா தப்பு தூணு மேலயா?

தமிழ் டப்பிங்? வசனம் இல்லாத இசை, பின்னணிச் சத்தத் தடம் தனியா கிடைச்சாத்தான் டப்பிங் உருப்படும். அது சரியில்லாத காப்பியில கடத்தல்காரன் வாயைத் திறந்தா எஞ்சின் நின்னுடும், மூடினா மறுபடி ஓடும். நடுவானத்துல! டிவி சேனல்ல பார்த்தா விளம்பரம் வேற. விதிப்படியே மணிக்கு 12 நிமிஷம். கெடு விதிச்சுக் கைதியைச் சுடப்போறான், நாம சோப்பு நுரையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்போம்.

மத்தியான வெளிச்சத்துல இந்தப் படத்தைப் போடவே போடாதீங்க. ஏழு மணிக்கு மேல டிவியை வளவுக்கு (நடு முற்றத்துக்கு) தூக்கிட்டு வாங்க. மேலே வானம் திறந்திருக்கிறதால பாதி எதிரொலி அப்படியே ஏறிப் போயிடும், வசனம் தெளியும். விளக்கை அணைங்க. கருப்புப் பட்டையைப் பார்த்துட்டு யாராவது ரிமோட்டுக்குக் கை நீட்டினா, அந்தக் கையில மணகோலப் பலகாரத் தட்டைக் கொடுத்துடுங்க.