விலையை உடைக்காதீர்கள், படத்தைச் சிறிதாக்குங்கள்

திறந்தவெளிக் கண்காட்சிகளில் ஓவியம் விற்கிற நண்பர்களுக்காகவும், அங்கே வந்து ஆசையாகப் பார்த்துவிட்டு வாங்கலாமா வேண்டாமா என்று தயங்கி நகர்ந்துபோகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் கடை போட்டாலும், குற்றாலத்தில் சாரல் காலத்தில் போட்டாலும், அண்மைக் காலமாக நிலைமை ஒன்றுதான். கூட்டத்துக்குக் குறைவில்லை. நின்று பார்க்கிறார்கள், செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொல்கிறார்கள்; விலைச் சீட்டைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடுகிறது.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் 40,000 ரூபாயைத் தொட்ட ஒரு பவுன் தங்கம், 2025 அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியது. பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் மாதக் கடைசியில் மிஞ்சுகிற பணம் நகைச் சீட்டுக்கும் வீட்டுக் கடன் தவணைக்குமே பற்றாதபோது, சுவரில் மாட்டுகிற படத்துக்கு அதிலிருந்து எதை எடுப்பது? வாங்காமல் போகிறவரை ரசனை இல்லாதவர் என்று நம் ஓவியர்களில் சிலர் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவருக்கு ரசனை இருக்கிறது. கையில் பணம் இல்லை.

இந்த நெருக்கடியில் நம்மில் பலர் எடுக்கிற முதல் முடிவு, விலையைப் பாதியாக உடைப்பது. கண்காட்சியின் கடைசி நாள் மாலையில் இது நடக்கும். ‘கடைசியா என்ன வெலைக்குத் தருவீய அண்ணாச்சி?’ என்று ஒருவர் கேட்பார். கடை வாடகையாவது கைக்கு வரட்டுமே என்று 6,000 ரூபாய்ப் படத்தை 3,000 ரூபாய்க்குக் கொடுத்துவிடுவோம். பேரம் பேசுகிறவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை, சந்தையில் பேரம் பேசுவது நம் ஊர் வழக்கம். ஆனால் முதல் நாள் காலையில் அதே அளவுப் படத்தை, சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் வாங்கிப்போன ஓர் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். செய்தி அவர் காதுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? நெல்லை சின்ன ஊர். அடுத்த ஆண்டு அவரும் கடைசி நாள் மாலைக்காகக் காத்திருப்பார், அல்லது வரவே மாட்டார். நம்மை நம்பி முழு விலை கொடுத்தவருக்கு நாம் செய்கிற அநியாயம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படத்தின் அளவைக் குறைப்பது வேறு விஷயம். கண்ணாடியும் படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டையும் மரச்சட்டமும் சேர்ந்தால் சில நேரம் படத்தின் விலையில் பாதியை அவையே தின்றுவிடுகின்றன. ஏ4 அளவுத் தடித்த தாளில் வரைந்து, பின்னால் அட்டை வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டமில்லாமல் கொடுத்தால், வரைகிற கைக்கான கூலியைக் குறைக்காமலே படத்தை 500 ரூபாய்க்கோ 800 ரூபாய்க்கோ தர முடிகிறது. வாங்குகிறவர் தனக்கு வசதிப்படும்போது டவுனில் சாமி படம் சட்டம் போடுகிற கடையிலேயே கொடுத்துச் சட்டம் போட்டுக்கொள்ளலாம். ஏ4 என்பதால் ஆயத்தச் சட்டமும் சுலபமாகக் கிடைத்துவிடும்.

இதைத் தரம் தாழ்தல் என்று சொல்கிறவர்களுக்குக் கோவில்பட்டியை நினைவுபடுத்த விரும்புகிறேன். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிற அந்த ஊர் 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கிருந்து வரைந்த சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் சிவகாசி அச்சகங்களின் வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தார்கள். காலண்டராக வந்த முருகனையும் லட்சுமியையும் ஆண்டு முடிந்ததும் தூக்கிப்போட மனமில்லாமல் சட்டம் போட்டுப் பூசை அறையில் மாட்டிய குடும்பங்கள் எத்தனையோ. ஓவியம் என்பது பணக்காரர் வீட்டுச் சங்கதி என்ற எண்ணம் இந்த மண்ணில் இருந்ததில்லை. சென்னைக்கு அருகே 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலும், பத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றிய துணி) போன்ற கைவினைப் பொருள்களை விற்றுத்தான் ஓவியர்கள் தங்கள் சொந்த ஓவியங்களை வரைவதற்கான காலத்தைச் சம்பாதித்துக்கொண்டார்கள்.

நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தாமிரபரணி நடுவே நிற்கிற குறுக்குத்துறை முருகன் கோயிலை, வெள்ளம் சூழ்ந்த நிலையில் பெரிய கேன்வாஸில் வரைந்து கடையின் நடுவில் வைத்திருந்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் படத்தின் முன்னால் நிற்காமல் போனவர்கள் குறைவு. ஓர் அம்மா தன் மகளுக்கு, வெள்ளம் வருமுன் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப்போவதை விரலால் சுட்டிச் சுட்டி விளக்கிக்கொண்டிருந்தார். விலையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதே கோயிலை, வெள்ளம் வடிந்த மறுநாள் கல்மண்டபத் தூண்களில் சேறு படிந்த கோலத்தில் சிறிய தாளில் வரைந்திருந்ததை எடுத்துக் காட்டினேன். சேற்றின் நிறத்துக்குப் பழுப்போடு கொஞ்சம் ஊதா கலந்திருந்தேன். அந்தப் பெண்குழந்தை முதலில் கவனித்தது அதைத்தான். சிறிய படத்தை வாங்கிக்கொண்டார்கள். பெரியது அன்று விற்கவில்லை, ஆனால் அது கடையில் இல்லாதிருந்தால் சிறியதும் விற்றிருக்காது. ஆகவே பெரிய படங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவற்றைக் கட்டாயம் கொண்டுவந்து, விலை குறையாமல், கடையின் நடுவில் வையுங்கள்.

தங்கம் ஏறியதில் நமக்கு ஒரு வாசலும் திறந்திருக்கிறது. பால்காய்ப்புக்கும் கல்யாணத்துக்கும் முன்பு இரண்டு கிராம் மோதிரம் போட்டவர்களுக்கு இப்போது அது கட்டுப்படியாகவில்லை. 1,500 ரூபாய்க்குள் மதிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தேடுகிறார்கள். புது வீட்டுச் சுவருக்கு நெல்லையப்பர் தேரோட்டமோ, கிருஷ்ணாபுரத்துச் சிற்பமோ, பாபநாசத்துப் படித்துறையோ கையால் வரைந்த படமாகப் போனால் அதைவிடப் பொருத்தமான பரிசு எது? பரிசுக்கு ஏற்ற படங்களைத் தனி மேசையில், விலையைக் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். நம் ஊர்க்காரர்கள், குறிப்பாகப் பெண்கள், விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புவதைக் கூச்சமாக நினைப்பார்கள். எழுதாத விலையைக் கேட்கவே மாட்டார்கள்.

வரி பற்றிச் சிலர் கேட்டார்கள். ஓவியங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நல்ல செய்திதான், ஆனால் ஜிஎஸ்டி பதிவே தேவைப்படாத அளவுக்கு விற்பனை செய்கிற நம்மைப் போன்றவர்களின் கடையில் அதனால் பெரிய மாற்றம் எதுவும் வந்துவிடாது.

கண்காட்சி நடத்துகிறவர்களிடம் சொல்ல வேண்டியது இன்னும் முக்கியமானது. பெங்களூரில் கர்நாடக சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் ஆண்டுதோறும் நடத்திவருகிற சித்திரச் சந்தை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் சாலையோரத்தில்தான் நடக்கிறது. நூறு ரூபாய்ப் படமும் லட்ச ரூபாய்ப் படமும் அங்கே அருகருகே விற்கின்றன. நம் பக்கத்தில் வாரக்கணக்கில் கடை போடச் சொல்லி, வாடகை முழுவதையும் முன்பணமாக வாங்கிவிடுகிறார்கள். மழை வந்தாலும் காற்றில் பந்தல் சாய்ந்தாலும் நட்டம் கடைக்காரருக்கு மட்டுமே. வாடகையில் பாதியை முன்பணமாகவும் மீதியை விற்பனையில் ஒரு பங்காகவும் வாங்கிக்கொண்டால், கூட்டத்தைக் கடைகளின் பக்கம் திருப்புகிற அக்கறை நடத்துகிறவர்களுக்கும் வரும். சம்பளம் கைக்கு வருகிற மாதத்தின் முதல் வாரத்தில் நாள் குறியுங்கள், ஆடிக்காற்றையும் ஐப்பசி மழையையும் தவிர்த்து மாசி, பங்குனியில் வையுங்கள். அடுத்த கண்காட்சிக்கு விண்ணப்பம் கொடுக்கும்போது இந்த இரண்டையும் எழுத்தில் கேட்கப்போகிறேன். சேர்ந்து கையெழுத்துப் போட விரும்புகிற ஓவியர்கள் இங்கே சொல்லுங்கள்.