கலிபோர்னியா வாக்குச்சீட்டில் ‘ஆம்’ என்றால் என்ன ஆகும்?

எண்ணிடப்பட்ட சட்ட முன்மொழிவுகள் மீது வாக்காளர்களே நேரடியாக வாக்களிக்கும் கலிபோர்னியாவில், தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றத் தொடங்குகிறது: இந்த எண்ணுக்கு ‘ஆம்’, அந்த எண்ணுக்கு ‘இல்லை’. அனுப்புகிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனாலும், வாக்காளருக்குச் செய்யும் உதவியாக அதை என்னால் ஏற்க முடியவில்லை. இப்போது நடப்பில் உள்ள சட்டம் என்ன, இந்த முன்மொழிவு அதில் எதை மாற்றுகிறது என்ற இரண்டையும் ஒருவருக்குப் புரியவைப்பதே உதவி. அதன் பிறகு எந்தப் பக்கம் குறியிடுவது என்பது அவருடைய உரிமை.

2024 நவம்பரில் கலிபோர்னிய வாக்காளர்கள் முன் பத்து மாநில முன்மொழிவுகள் இருந்தன. அவற்றில் 33ஆம் எண்ணை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்றே பலரும் பேசினார்கள். உண்மையில் அது எந்த வீட்டின் வாடகைக்கும் தானாக வரம்பு விதிக்கவில்லை. 1995ஆம் ஆண்டின் கோஸ்டா-ஹாக்கின்ஸ் என்ற மாநிலச் சட்டம், தனி வீடுகளுக்கும் 1995க்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்புகளுக்கும் நகரங்கள் வாடகைக் கட்டுப்பாடு கொண்டுவருவதைத் தடுக்கிறது; குடியிருந்தவர் காலி செய்த பிறகு புதிய வாடகையை உரிமையாளரே தீர்மானித்துக்கொள்ளவும் வழிவிடுகிறது. அந்தச் சட்டத்தை நீக்கி, முடிவெடுக்கும் அதிகாரத்தை நகரங்களிடமும் கவுண்டி எனப்படும் மாவட்டங்களிடமும் கொடுப்பதுதான் 33இன் உள்ளடக்கம். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவரும் வாடகைக்கு இருப்பவரும் எதிரெதிர் முடிவுக்கு வரலாம். ஆனால் இந்த அடிப்படை தெரியாமல் இருவருமே சரியாக முடிவெடுக்க முடியாது.

அடுத்த எண்ணான 34 இதைவிடக் கடினமானது. மருந்துகளைக் குறைந்த விலையில் வாங்க உதவும் மத்திய அரசின் தள்ளுபடித் திட்டத்தின் மூலம் வருவாய் பெறும் சில மருத்துவச் சேவை அமைப்புகள், அந்த வருவாயில் 98 விழுக்காட்டை நோயாளிகளின் நேரடிச் சிகிச்சைக்கே செலவிட வேண்டும் என்றது அது. கேட்டவுடன் யாருக்கும் நியாயமாகவே படும். ஆனால் அது பொருந்துவதற்கான நிபந்தனைகளைப் படித்தால், சிகிச்சை அல்லாத செலவுகளுக்குப் பத்தாண்டுக் காலத்தில் பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, கடுமையான விதிமீறல்கள் குறைந்தது 500 பதிவான அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் நடத்தும் அமைப்பு எது என்ற கேள்வி எழும். 33ஐ முன்னின்று நடத்திய எய்ட்ஸ் ஹெல்த்கேர் பவுண்டேஷன் என்ற மருத்துவச் சேவை அமைப்பைக் குறிவைத்தே 34 எழுதப்பட்டது என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. 34க்குப் பணம் கொடுத்தது வாடகைக் குடியிருப்பு உரிமையாளர்களின் சங்கம். 33 தோற்றது, 34 குறுகிய வித்தியாசத்தில் வென்றது. அந்தப் பவுண்டேஷனின் செலவுகளைக் கண்டிக்க நியாயமான காரணங்கள் இருக்கலாம். ஆயினும் யார் யாருக்கு எதிராக இதைக் கொண்டுவருகிறார்கள் என்பது தெரிந்தே வாக்காளர் வாக்களிக்க வேண்டும்.

‘ஆம்’ என்பதன் திசையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 2016இல் வந்த முன்மொழிவு 67, சட்டமன்றம் ஏற்கெனவே நிறைவேற்றியிருந்த பிளாஸ்டிக் பை தடையை மக்களின் முடிவுக்கு விட்டது. தடையை எதிர்த்த பை உற்பத்தியாளர்களே கையெழுத்துத் திரட்டி அதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் தடை நீடிக்க வேண்டுமென்று நினைத்தவர் ‘ஆம்’ என்றுதான் குறிக்க வேண்டியிருந்தது. கடன் பத்திர முன்மொழிவுகளில் மறைந்திருப்பது வட்டி. 2024இல் பள்ளிக் கட்டடங்களுக்கான 2ஆம் எண் முன்மொழிவு, ஆயிரம் கோடி டாலர் கடனைப் பற்றியது. அதைத் திருப்பிச் செலுத்த 35 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் சுமார் 50 கோடி டாலர் செலவாகும் என்று அரசின் கையேடே கணக்குக் கொடுத்திருந்தது. பள்ளிகளுக்கு அந்தச் செலவு தகும் என்பவர்களும் உண்டு, நானும் அவர்களில் ஒருவர். ஆனால் அந்தக் கணக்கைச் சொல்லாமல் ‘பள்ளிகளுக்கு நல்லது’ என்று மட்டும் சொல்வது முழு விளக்கம் ஆகாது.

இத்தனை அக்கறை ஏன் வேண்டும் என்றால், மக்கள் கொண்டுவந்து நிறைவேற்றும் சட்டத்தைச் சட்டமன்றம் பொதுவாகத் தன் விருப்பப்படி மாற்ற முடியாது. அந்தச் சட்டமே இடம் கொடுக்காவிட்டால் மீண்டும் மக்களிடம்தான் வர வேண்டும். ஊபர், லிஃப்ட் முதலிய நிறுவனங்கள் தங்கள் ஓட்டுநர்களை ஊழியர்களாக அல்லாமல் தனி ஒப்பந்ததாரர்களாகவே வைத்துக்கொள்ள 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட 2020இன் முன்மொழிவு 22, தன்னைத் திருத்தச் சட்டமன்றத்தின் எட்டில் ஏழு பங்கு ஆதரவு வேண்டும் என்று எழுதிவைத்திருந்தது. பெருந்தொகையைக் கொண்டு விளம்பரம் செய்யும் தரப்புக்கு எதிரில் சாதாரண வாக்காளருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, அமைதியாகப் படிக்கும் நேரம்தான்.

அந்த நேரம் நமக்குக் கிடைக்கிறது. பதிவு செய்த ஒவ்வொரு வாக்காளருக்கும் தேர்தலுக்கு நான்கு வாரங்கள் முன்பே வாக்குச்சீட்டு அஞ்சலில் அனுப்பப்படுகிறது. மாநில வாக்காளர் தகவல் கையேடும் வீடு தேடி வருகிறது. கையேட்டில் முதலில் படிக்க வேண்டியது சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் எழுதும் பகுதி. கட்சி சாராத அந்த அலுவலகம் இப்போதுள்ள நிலை, மாற்றம், செலவு மூன்றையும் வரிசையாக விளக்குகிறது. ஆதரவு, எதிர்ப்பு வாதங்களை அதன் பின் படிக்கலாம். அவற்றின் உண்மைத்தன்மையை எந்த அரசு அமைப்பும் சரிபார்க்கவில்லை என்று கையேட்டிலேயே அச்சிடப்பட்டிருப்பதை மறக்க வேண்டாம்.

இந்தியும் ஜப்பானியமும் உட்படப் பத்து மொழிகளில் வரும் அந்தக் கையேடு தமிழில் வருவதில்லை. சாண்டா கிளாரா போன்ற கவுண்டிகளில் தமிழ் மாதிரி வாக்குச்சீட்டு கிடைக்கிறது. பார்த்துக்கொள்வதற்கு மட்டுமே அது பயன்படும், அதில் பகுப்பாய்வு எதுவும் இராது. எனவே குடியுரிமை பெற்ற நம் பெற்றோருக்கும் மூத்தவர்களுக்கும் இந்தப் பணியைச் செய்யக்கூடியவர்கள் நாமே. ஒரு முன்மொழிவுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, பகுப்பாய்வைத் தமிழில் வாசித்துச் சொல்லி, ‘ஆம்’ வென்றால் என்ன நடக்கும், ‘இல்லை’ வென்றால் என்ன நீடிக்கும், யார் பணம் போட்டிருக்கிறார்கள் என்ற மூன்றையும் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்காகக் காத்திருங்கள். நம் சங்கங்களும் பொங்கல் விழாவுக்கு எடுத்துக்கொள்ளும் அக்கறையில் ஒரு பகுதியை அக்டோபரில் இதற்கு ஒதுக்கி, இரு தரப்பையும் பேச அழைத்து ஒரு மாலைக் கூட்டம் நடத்தலாம். அப்படி ஒரு கூட்டத்துக்கு யாராவது முன்வந்தால் முன்மொழிவுகளின் பகுப்பாய்வைத் தமிழில் எழுதித் தரும் வேலையில் ஒரு பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன்.