பாமினி செய்த பாவம், லினக்ஸ் தலையில் பழி

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது" என்று மகளின் வகுப்பு ஆசிரியை போனில் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு "சரி டீச்சர்" என்று வைத்துவிட்டேன். அங்கே அடக்கியதை இங்கே கொட்டுகிறேன்.

கொழும்பு பம்பலப்பிட்டியில் 40,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய திங்க்பேட் டி430 மடிக்கணினி என்னுடையது. 2012ஆம் ஆண்டு மாடல். மூன்றாம் தலைமுறை ஐ5 செயலி என்பதால் விண்டோஸ் 11 அதை வாசலிலேயே நிறுத்திவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. எஸ்எஸ்டி ஒன்றைப் பூட்டி, ரேமை 8 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். குதிரையாக ஓடுகிறது. வைரஸாம்!

நடந்தது இதுதான். பாடசாலையிலிருந்து தமிழ்த்தினப் போட்டிக்கான படிவம் வந்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே சிதறல். பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது, பாமினி! அந்தக் கோப்பில் தமிழ் என்று ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் முகமூடி மாட்டுவதுதான் பாமினி எழுத்துருவின் வேலை. மெய்யெழுத்தின் புள்ளிக்குக்கூட அரைப்புள்ளி விசையைத்தான் தட்ட வேண்டும். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் நேற்று வாங்கிய விண்டோஸ் இயந்திரத்திலும் இதே கோலம்தான். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யுனிகோடில் தமிழ் 1991இலேயே வந்துவிட்டது. லினக்ஸ் பிறந்ததும் அதே 1991இல்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தமிழ்த்தினப் படிவம் ஆங்கில எழுத்தில் வருகிறது, குற்றவாளி என் மடிக்கணினி!

அவசரத்துக்கு அச்சிட்டு வரலாம் என்று வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷனுக்குப் போனேன். அங்கிருந்த தம்பி பென் டிரைவை வாங்கும்போதே, வீட்டில் என்ன கம்ப்யூட்டர் என்று விசாரித்தான். சொன்னேன். மரண வீட்டுக்கு வந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டான். "லினக்ஸ் எல்லாம் சரிவராது அண்ணா. கொண்டு வாருங்கள், 1,500 ரூபாய்க்கு நல்ல விண்டோஸ் போட்டுத் தருகிறேன்." அவனுடைய திரையின் வலது மூலையில், உரிமம் பெறாத விண்டோஸ், தன்னைச் செயற்படுத்துமாறு கெஞ்சும் சாம்பல் நிற வரி மங்கலாகத் தெரிந்தது. எது நல்ல விண்டோஸ் என்று நான் கேட்கவில்லை. பின்னால் நான்கு பேர் அடையாள அட்டைப் பிரதிக்கு நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து பாமினியைத் தேடி எழுத்துருக் கோப்புறையில் போட்டேன். இரண்டு நிமிட வேலை. (முதலிலேயே செய்திருக்கலாம்தான். வீம்பு.) படிவத்தை யுனிகோடில் நிரப்பி அனுப்பினேன். "நீங்கள் அனுப்பியதில் எங்களுக்குத் திருத்த முடியவில்லை, அந்த லினக்ஸை மாற்றுங்கள்" என்று ஆசிரியையிடமிருந்து பதில் வந்தது. அதை அவர் தட்டியது ஆண்ட்ராய்டு போனில். அதன் அடியில் ஓடுவதும் லினக்ஸின் கருநிரல் (kernel) தான். யாரிடம் போய்ச் சொல்ல?

நேற்று இரவு அடுத்த அறிவித்தல் வந்தது. இந்த முறை கோப்பு இல்லை. ஆசிரியை தன் கம்ப்யூட்டர் திரையையே போனால் படம் பிடித்து அனுப்பியிருந்தார், சரிவாக, நடுவில் மின்குமிழின் வெளிச்சம் விழுந்து திகதி மறைந்தபடி. கோப்பு அவருடைய போனில் சரியாகத் திறக்கவில்லையாம்.