'ரிப்ளை 1988': பார்வையாளர் விகிதம் பற்றிய திருத்தம்

தென்கொரியத் தொலைக்காட்சி வரலாற்றிலேயே மிக அதிகமானோர் பார்த்த தொடர் 'ரிப்ளை 1988' என்று ஒரு கூற்று பகிரப்படுகிறது. அன்புகூர்ந்து பொறுத்துக்கொள்ளுங்கள், அது சரியன்று. டிவிஎன் என்னும் கேபிள் அலைவரிசையில் வெளியான இத்தொடரின் இறுதிப் பகுதி, 2016 ஜனவரியில், பார்வையாளர் விகிதத்தை அளக்கும் நீல்சன் கொரியா நிறுவனத்தின் கணக்கில் 18.8 விழுக்காட்டை எட்டியது. கேபிள் தொடர்களுக்குள் அன்றைக்கு அதுவே உச்சம் என்பதால், பகிரப் பகிர 'கேபிள்' என்ற அந்த வரம்பு உதிர்ந்து, ஒட்டுமொத்தச் சாதனை என்ற பேச்சு மட்டும் எஞ்சிவிட்டது என்று கருதுகிறேன். கேபிள் அல்லாத பொது அலைவரிசையான கேபிஎஸ் 2-இன் 'ஃபர்ஸ்ட் லவ்' என்ற வார இறுதித் தொடர் 1997-இல் 65.8 விழுக்காட்டைப் பெற்றது. கேபிள் உச்சமும் பின்னர் கடக்கப்பட்டது: 'ஸ்கை காஸில்' 2019-இல் 23.8, 'தி வேர்ல்ட் ஆஃப் தி மேரீட்' 2020-இல் 28.4.

இதை எவரும் சரிபார்க்கலாம். ஒவ்வொரு தொடருக்குமான விக்கிப்பீடியா பக்கத்தில், பகுதிவாரியான விகித அட்டவணையைத் திறந்து, எண்ணை மட்டும் பாராமல், அது கேபிள் இணைப்புள்ள வீடுகளின் கணக்கா, பொது அலைவரிசைக்கான கணக்கா என்பதையும், அளந்த நிறுவனத்தின் பெயரையும் அடிக்குறிப்பில் சேர்த்துப் பாருங்கள். அலைவரிசைகள் குறைவாக இருந்த 1990-களின் எண்களைப் பிற்கால எண்களோடு நேருக்கு நேர் வைத்துத் தரம் பேசுவதும் பொருந்தாது. 'ரிப்ளை 1988'-இல் வரும் சாங்முன்-டொங் சந்தின் அந்த ஐந்து குடும்பங்களை நானும் மிகவும் நேசிக்கிறேன். அவர்களைப் பற்றிப் பகிரும்போது 'அன்றைய கேபிள் சாதனை' என்றே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.